ரேஸ்டிராக் பிளாயாவின் நகரும் கற்களைக் காசிமேட்டு ஐஸில் நகர்த்திக் காட்டுவது எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள், ரேஸ்டிராக் பிளாயா என்றொரு வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. ஏறத்தாழ 4.5 கி.மீ. நீளமும் 2 கி.மீ. அகலமும் உள்ள அந்தச் சேற்றுத் தரையில் கைக்குள் அடங்கும் கற்களும் கிடக்கின்றன, 300 கிலோ எடையுள்ள பாறைகளும் கிடக்கின்றன; அவற்றில் பலவற்றின் பின்னால், யாரோ கயிறு கட்டி இழுத்துச் சென்றது போன்ற நீண்ட தடங்கள் பதிந்திருக்கின்றன. அருகில் மனிதர்களின் காலடியோ வண்டிச் சக்கரத்தின் சுவடோ இருப்பதில்லை. 1948-இல் ஜிம் மெக்அலிஸ்டர், ஆலன் அக்ன்யூ என்ற இரு புவியியலாளர்கள் அப்பகுதியை ஆராய்ந்து எழுதிய நாள்முதல், 2013-இல் கற்கள் கண்ணெதிரே நகர்ந்ததைப் பார்க்கும் வரை, இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள் பல. சூறைச்சுழல், பெரும்புயல், பனிக்கட்டி ஆகியவை அறிஞர்கள் சொன்னவை. காந்தம், வேற்றுக்கிரகவாசிகள் ஆகியவை மற்றவர்கள் சொன்னவை.

இந்த நிகழ்வை வடசென்னையில் ஒரு வீட்டுக்கூடத்திலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்து காட்டுவதற்கான வழிமுறையே இக்கட்டுரை. இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதி மாணவர்களையும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. உறைபனி என்பதையே அறியாத ஓர் ஊரில், பனிக்கட்டியால் நடக்கும் ஒன்றைச் செய்து காட்டுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஐஸ் வேண்டுமென்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் போல வசதியான இடம் சென்னையில் வேறில்லை. உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது ஐஸ் அன்று, நேரம். நம்முடைய வெயிலில் ஒரு மெல்லிய பனித்தகடு சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. ஆகவே இங்கே சொல்லப்படும் ஏற்பாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்தச் சில நிமிடங்களைக் காப்பாற்றுவதற்கானவை.

எதைக் காட்டப் போகிறோம்

இணையத்தில் காணப்படும் பெரும்பாலான செயல்முறைகள் ஒரே ஒரு காட்சியோடு நின்றுவிடுகின்றன: ஒரு கல்லைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, ஊதித் தள்ளுவது. இதைச் செய்து பார்த்தவர் கோள் அறிவியலாளர் ரால்ஃப் லோரன்ஸ். 2006 முதல் அப்பகுதியில் வானிலைக் கருவிகளை வைத்து ஆராய்ந்துவந்த அவர், தம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்லையும் நீரையும் வைத்து உறையவைத்து, அதைக் கவிழ்த்து, அடியில் மணல் பரப்பிய தட்டில் மிதக்கவிட்டார். மெல்ல ஊதியதும் அது நகர்ந்தது; கல்லின் முனை மணலில் கோடு கிழித்தது. பனிக்கட்டி தன் மிதவைத் திறனால் கல்லின் பாரத்தைக் குறைக்கிறது என்னும் இக்கருத்தை அவரும் அவருடைய குழுவினரும் 2011-இல் ஓர் இயற்பியல் இதழில் வெளியிட்டனர்.

ஆனால் ரேஸ்டிராக் பிளாயாவில் நடந்தது சரியாக இதுவன்று. ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்னும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் 2011 குளிர்காலத்தில் அங்கே ஒரு வானிலை நிலையத்தையும், ஜி.பி.எஸ். கருவி பொருத்திய 15 கற்களையும் வைத்தார்கள். பூங்காவின் சொந்தக் கற்களைத் துளையிட அனுமதி இல்லாததால், வெளியிலிருந்து கொண்டுபோன கற்களையே பயன்படுத்தினார்கள். 2013 டிசம்பரில் அவர்கள் திரும்பிச் சென்றபோது படுகையின் ஒரு பகுதியில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கி, மேற்பரப்பு உறைந்திருந்தது. டிசம்பர் 20 அன்று நண்பகலை ஒட்டி, வெயில் ஏறிப் பனிக்கட்டி விரிசல் விட்டு உடையத் தொடங்கியது. காற்று மெல்லத் தள்ள, 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனே உள்ள அகன்ற பனித்தகடுகள் கற்களின் மேல் சாய்ந்து அவற்றை முன்னுக்குத் தள்ளின. அன்று ஒரே நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள் நகர்ந்தன. வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர். காற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மீட்டர் மட்டுமே. அந்தக் குளிர்காலத்தில் பலமுறையாக நகர்ந்த ஒரு கல் மொத்தம் 224 மீட்டர் தூரம் சென்றிருந்தது. இந்த முடிவுகள் 2014 ஆகஸ்டில் பிளாஸ் ஒன் என்னும் ஆய்விதழில் வெளிவந்தன.

கவனிக்க வேண்டியது, அங்கே கற்கள் தூக்கப்படவில்லை, தள்ளப்பட்டன. தகடு மெல்லியது என்பதால் கல்லைத் தூக்கும் அளவுக்கு அதற்கு மிதவைத் திறன் இல்லை. ஆனால் பரப்பு பெரியது என்பதால் காற்றின் விசையை நிறையச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. எனவே உங்கள் செயல்முறையில் இரண்டு காட்சிகளும் இருக்க வேண்டும்: முதலாவது லோரன்ஸின் மிதவை, இரண்டாவது நாரிஸ் சகோதரர்கள் கண்ட தகடு. முதலாவது எளிது, அழகானது, பார்ப்பவர்களைக் கவரும். இரண்டாவது சற்றுச் சிரமமானது. ஆனால் அதுதான் நிகழ்ந்தது. முதலாவதை மட்டும் காட்டிவிட்டு "கற்கள் இப்படித்தான் நகர்கின்றன" என்று சொல்வது தவறான அறிவியல் என்பது என் கருத்து.

தரையை அமைத்தல்

தட்டுக்கு மிகப் பொருத்தமானது மீன் ஏற்றுமதிக்குப் பயன்படும் தெர்மாகோல் பெட்டி. துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் பழைய பெட்டி குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் சுவர் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது என்பது நமக்குக் கூடுதல் நன்மை. ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கி, ஆக்சா பிளேடால் அதன் உயரத்தை 7 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ள வேண்டும். சுவர் உயரமாக இருந்தால் மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பைத் தொடாமல் மேலேயே போய்விடும். பெட்டியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால் மீன் வாடை பெரும்பாலும் போய்விடும். முழுவதும் போகும் என்று உறுதி கூற இயலாது.

பிளாயாவின் தரை நுண்ணிய வண்டலும் களிமண்ணும் கலந்தது. இங்கே அதற்கு ஈடாகப் பிள்ளையார் சிலை செய்யும் களிமண்ணைக் கொள்ளலாம். கொசப்பேட்டையில் மண்பாண்டமும் சிலையும் செய்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். எண்ணூர் முகத்துவாரத்துச் சேறு அருகில் கிடைக்கிறதே என்று அதை அள்ளிவர வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது, உப்பு பனிக்கட்டியை விரைவாகக் கரைக்கும். மேலும் அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது பரவிய எண்ணெயும் கலந்த அந்தச் சேறு மாணவர்கள் கையால் பிசைவதற்கு உரியதன்று. கடற்கரை மணலுக்கும் உப்புக் குறை உண்டு. பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக்கொள்ள வேண்டும்.

களிமண்ணை ஓர் இரவு ஊறவைத்து, பழைய பருத்தித் துணியில் வடிகட்டி, கல்லும் வேரும் நீக்கி, மூன்றில் ஒரு பங்கு நுண்மணல் சேர்த்துக் குழைக்க வேண்டும். மணல் சேர்க்காவிட்டால் காயும்போது மண் அளவுக்கு மீறிச் சுருங்கி, பெட்டியின் சுவரிலிருந்து விலகிவிடும். இக்குழம்பை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, ஒரு நீண்ட மரப்பட்டையால் சமன்செய்ய வேண்டும். பெட்டி இருக்கும் மேசையை ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். கொத்தனார் யாரிடமாவது சற்று நேரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். ரேஸ்டிராக் பிளாயாவின் வடமுனை தென்முனையைவிடச் சில சென்டிமீட்டர்தான் உயரம், 4.5 கி.மீ. தூரத்துக்கு அவ்வளவே ஏற்றம். கற்களின் தடங்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கியே செல்கின்றன, அதாவது அந்தச் சிறு ஏற்றத்தின் மேலேயே செல்கின்றன. சரிவில் உருண்டன என்ற விளக்கம் அங்கே நிற்காது. உங்கள் தட்டு சாய்ந்திருந்தால், பார்ப்பவர் அந்த விளக்கத்தையே உங்களுக்கு எதிராக வைப்பார்.

அடுத்தது காயவிடுதல். மொட்டைமாடியில், மேலே ஒரு வலையைப் போட்டு, காக்கை கிளறாமல் பார்த்துக்கொண்டு, மண்ணில் பலகோண விரிசல்கள் தோன்றும்வரை காயவிட வேண்டும். கோடைக்காலத்தில் இது விரைவாக முடியும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மேசை விளக்கும் மின்விசிறியும் இல்லாமல் முடியாது. இப்படி முழுவதும் காயவிட்டுப் பிறகு நீர் ஊற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஈரக் களிமண்ணில் நேராகச் செய்தால் கல் தன் எடையால் உள்ளே புதைந்து சிக்கிக்கொள்ளும். காய்ந்த தரையில் நீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் மேலே சில மில்லிமீட்டர் மட்டும் வழவழப்பான சேறாகும். அடிப்பகுதி கெட்டியாகவே இருக்கும். பிளாயாவின் தரையும் நனையும்போது இந்த நிலைக்குத்தான் வருகிறது. ஓர் ஈர்க்குச்சியைச் செங்குத்தாக விட்டுப் பார்த்தால், நுனி சற்றே அழுந்தி நின்றுவிட வேண்டும்.

கற்களும் கணக்கும்

வீடு கட்டும் இடங்களில் குவிந்திருக்கும் கருங்கல் ஜல்லியே போதுமானது. அதன் அடர்த்தி பிளாயாவின் டோலமைட் கற்களின் அடர்த்தியிலிருந்து அதிகம் வேறுபடாது. மிதவைக் காட்சிக்கு ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள ஒரு ஜல்லியும், தகட்டுக் காட்சிக்கு ஒரு கிராமுக்கும் குறைவான சிப்ஸ் ஜல்லி ஒரு கைப்பிடியும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொருக்குப்பேட்டை, பேசின் பாலம் பக்கத்துத் தண்டவாளங்களில் கிடக்கும் கற்களை எடுக்கப் போகக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட.

மிதவைக்கான கணக்கு எளியது, மாணவர்களே போடக்கூடியது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. எனவே 100 மில்லி நீரிலிருந்து உருவாகும் பனிக்கட்டி, தன் எடையைத் தாங்கியது போக, மேலும் 9 கிராம் எடையைத் தண்ணீரில் தாங்கும். 30 கிராம் கருங்கல்லின் கன அளவு ஏறத்தாழ 11 மில்லி. நீரில் மூழ்கியிருக்கும்போது அதன் எடை 11 கிராம் குறைந்து 19 கிராமாகும். இந்த 19 கிராமைத் தாங்க ஏறத்தாழ 210 மில்லி நீர் உறைய வேண்டும். அவ்வளவு நீர் ஊற்றினால் கல் தரையைத் தொடாமல் மிதந்துவிடும். நமக்கு வேண்டியது தொட்டுக் கீறிக்கொண்டு போகும் நிலை. ஆகவே 190 முதல் 200 மில்லி சரியான அளவு. சமையலறைத் தராசு இல்லாதவர்கள் மளிகைக்கடையின் மின்னணுத் தராசில் கல்லை நிறுத்துக்கொள்ளலாம். வேறு எடையுள்ள கல் அமைந்தால் இதே கணக்கை அதற்கேற்பப் போட வேண்டும்.

முதல் காட்சி: மிதவை

12 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் உட்புறம் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, நடுவில் கல்லை நிறுத்தி, அளந்த நீரை ஊற்ற வேண்டும். நீர் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்கு வரும். கல்லின் தலை அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ரீசரில் மட்டமான இடத்தில் ஓர் இரவு வைக்க வேண்டும். மின்வெட்டு வரும் நாளாக இருந்தால் இரண்டு இரவு. இப்படி மூன்று நான்கு மிதவைகளைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கண்காட்சியில் ஒவ்வொரு குழுவுக்கும் புதிதாக ஒன்று தேவைப்படும்.

செய்யும் நாளன்று காலையில் காசிமேட்டிலிருந்து உடைத்த ஐஸ் கொண்டுவர வேண்டும். ஏலம் நடக்கும் விடியற்காலை நேரத்தில் போனால் கேட்ட அளவுக்குக் கிடைக்கும். "அண்ணே, ஸ்கூல் புள்ளைங்களுக்கு, கொஞ்சம் ஒடச்ச ஐஸ் போடுங்க" என்று கேட்டு, மூடியுள்ள இன்னொரு தெர்மாகோல் பெட்டியில் வாங்கிவரலாம். இந்த ஐஸ் மீனுக்கானது, வாயில் போடுவதற்கானது அன்று என்பதைச் சிறுவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதை ஒரு வாளி நீரில் கொட்டிக் கலக்கி, நீர் கையைச் சுள்ளென்று குத்தும் அளவுக்குக் குளிர்ந்ததும், துண்டுகளை வடிகட்டிவிட்டு அந்த நீரையே தட்டில் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் மிதவையை விட்டால் பேச்சைத் தொடங்கும் முன்பே அது கரையத் தொடங்கிவிடும். ஊற்றும்போது சேறு கலங்காமல் இருக்க, தரையில் ஒரு சிறு தட்டை வைத்து அதன்மேல் மெல்ல ஊற்றி, பிறகு தட்டை எடுத்துவிடலாம். நீரின் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் தொடங்கட்டும்.

டப்பாவின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து மிதவையைக் கழற்றி, கல்லின் தலை கீழே வரும்படி கவிழ்த்து நீரில் விட வேண்டும். கல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்வரை குளிர்ந்த நீரைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு மேசை மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் போதும், அல்லது வாயால் ஊதலாம். மிதவை நகரும், சேற்றில் கோடு விழும். மின்விசிறியும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் நீரிலிருந்து கை எட்டாத தூரத்தில், தரையில் அல்லாமல் ஒரு முக்காலியின் மேல் இருக்க வேண்டும். ஈரக்கையோடு அவற்றைத் தொடக்கூடாது என்ற விதியைத் தளர்த்தவே கூடாது.

நம் ஊர் வெப்பம் இங்கே ஒரு விதத்தில் உதவுகிறது. பனிக்கட்டி கரையக் கரைய அதன் தாங்குதிறன் குறைகிறது, கல் மேலும் மேலும் தரையில் அழுந்துகிறது. தொடக்கத்தில் மயிரிழை போல் இருந்த தடம் போகப்போக ஆழமாகி, இருபுறமும் சேறு வரப்புப்போல் ஒதுங்கி, இறுதியில் கல் அசையாமல் நின்றுவிடும். மிதவைத் திறனுக்கும் உராய்வுக்கும் உள்ள உறவு ஒரே கோட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் காட்சி: தகடு

நீரை முக்கால் பங்கு வடித்துவிட்டு, ஆழத்தை ஐந்து மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். சிறு ரப்பர்க் குழாயால் உறிஞ்சி வடிப்பது சேற்றைக் கலக்காது. சிப்ஸ் ஜல்லிகளில் ஆறேழைத் தட்டின் நடுவில், ஒன்றுக்கொன்று நான்கு விரல் இடைவெளியில், நீர்மட்டத்துக்குமேல் சற்றுத் தெரியும்படி வைக்க வேண்டும். கற்களை நீர் ஊற்றிய பிறகே வைப்பது நல்லது. முன்பே வைத்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பனித்தகடு இல்லாமலே மின்விசிறியை ஓடவிட வேண்டும். கற்கள் அசையா. அதை ஒரு நிமிடமாவது பார்வையாளர் பார்க்கட்டும். இந்த ஒப்பீடு இல்லையென்றால் அடுத்து வருவதற்குப் பொருளில்லை. அதன் பிறகு தகடு.

தகட்டைத் தயாரிப்பதுதான் இந்த முழுச் செயல்முறையிலும் கடினமான வேலை. அகலமான, அடி தட்டையான பேக்கிங் ட்ரே ஒன்றில் உணவுப்பொருள் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றி உறையவைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் அவ்வளவு அகலமான ட்ரே நுழையாது. ஐஸ்கிரீம் கடையிலோ மீன் கடையிலோ இருக்கும் பெட்டி வடிவ டீப் ஃப்ரீசரில் ஓர் இரவு வைக்க அனுமதி கேட்டுப் பெறுவதே வழி. உறைந்த தகட்டைப் பிளாஸ்டிக் தாளோடு தூக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஐஸ் நிரப்பிய பெட்டியின் மேல் படுக்கவைத்துக் கொண்டுவர வேண்டும். வழியில் அது இரண்டு மூன்றாக உடைந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பிளாயாவிலும் தகடு உடைந்த பிறகுதான் கற்கள் நகர்ந்தன; உடையும்போது எழுந்த வெடிப்பொலி படுகை முழுவதும் கேட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

குளிர்ந்த நீரின் மேல், கற்களுக்கும் மின்விசிறிக்கும் இடையில் தகட்டை மெல்ல மிதக்கவிட்டு, மின்விசிறியை நடுத்தர வேகத்தில் வைக்க வேண்டும். தகடு நகர்ந்து வந்து கற்களின் மேல் சாயும். சாய்ந்ததும் சிறு கற்கள் ஒன்றாக நகரத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இதை முடித்துவிட வேண்டியிருக்கும். நகரும்போதே மின்விசிறியை ஒரு கை அளவு பக்கவாட்டில் திருப்பினால், கற்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் திசை மாறும். தடங்கள் ஒரே மாதிரி வளைந்து, ஒன்றுக்கொன்று இணையாகத் தொடரும். இக்காட்சியில் மிக முக்கியமானது இதுவே. தனித்தனியாகக் கிடக்கும் கற்கள் சேர்ந்து திரும்ப வேண்டுமென்றால் அவற்றை ஒருசேரப் பிடித்துத் தள்ளும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். 1955-இல் ஜார்ஜ் ஸ்டான்லி பனிக்கட்டியை முன்மொழிந்தது இத்தகைய இணைத்தடங்களைப் பார்த்துத்தான்.

சிறு கற்களையே ஏன் பயன்படுத்துகிறோம் என்று கேட்பார்கள். இரண்டடித் தட்டுக்குள் அடங்கும் தகட்டின் மேல் மிதமான காற்று செலுத்தும் விசை அரைக் கிராம் எடைக்கு நிகரான அளவில்தான் இருக்கும். அதனால் 30 கிராம் ஜல்லியை அசைக்க முடியாது. பெரிய கல்லைத் தள்ள வேண்டுமென்றால் தகட்டின் விளிம்பை விரலால் மெதுவாகத் தள்ளிக் காட்டலாம், ஆனால் காற்றின் இடத்தில் விரல் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தகட்டில் காகிதப் பாய்மரம் நட்டு விசையைக் கூட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். அது வேறு கதை, வேண்டாம்.

டீப் ஃப்ரீசர் வசதி கிடைக்காதவர்கள், ஐந்து மில்லிமீட்டர் தெர்மாகோல் தாளை இரண்டு மூன்றாக உடைத்துத் தகடாகப் பயன்படுத்தலாம். அது கரையாது, திரும்பத் திரும்பக் காட்டலாம், மாலை வரை நிற்கும் கண்காட்சிக்கு அதுவே நடைமுறைக்கு ஏற்றது. "இது பனிக்கட்டிக்குப் பதிலி" என்று அதன்மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

ஈர்க்குச்சி வேலி

நேரம் இருப்பவர்கள் இதையும் செய்து பார்க்கலாம். ராபர்ட் ஷார்ப், டுவைட் கேரி என்னும் ஆய்வாளர்கள் 1972 முதல் ஏழு ஆண்டுகள் முப்பது கற்களுக்குப் பெயரிட்டுக் கண்காணித்தார்கள். பனிக்கட்டிதான் காரணமா என்று சோதிக்க, அரைக் கிலோ எடையுள்ள ஒரு கல்லைச் சுற்றி 1.7 மீட்டர் விட்டத்தில் ஏழு இரும்புக் கம்பிகளை நட்டுவைத்தார்கள். பெரிய பனித்தகடு வந்தால் கம்பிகளில் தடைபட்டு நிற்கும், கல் நகராது என்பது எண்ணம். ஆனால் கல் கம்பிகளுக்கிடையே வெளியேறி 8.5 மீட்டர் போய்விட்டது. பனிக்கட்டி இன்றியும் கற்கள் நகரக்கூடும் என்று அவர்கள் கருதியதற்கு அது ஒரு முக்கியக் காரணமாயிற்று.

உங்கள் தட்டில் ஒரு கல்லைச் சுற்றி ஏழு ஈர்க்குச்சிகளை நட்டு, முதலில் உடையாத தெர்மாகோல் தாளையும், அடுத்து மெல்லிய பனித்தகட்டையும் விட்டுப் பார்க்கலாம். தெர்மாகோல் குச்சிகளில் முட்டி நின்றுவிடும். விளிம்பு கரைந்து மெலிந்த பனித்தகடோ, காற்றோடு விரலும் சற்று உதவினால், குச்சிகளில் உடைந்து, துண்டுகளாக உள்ளே புகுந்து கல்லைத் தொடக்கூடும். ஒவ்வொரு முறையும் அப்படி நிகழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நல்லதொரு சோதனைகூட, எந்தப் பனிக்கட்டியைக் கற்பனை செய்து வடிவமைக்கப்பட்டதோ அந்தப் பனிக்கட்டிக்கே விடை சொல்லும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம். தடித்த, வலுவான தகட்டை எதிர்பார்த்து நடப்பட்ட வேலி, ஜன்னல் கண்ணாடி அளவுத் தகட்டைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

விளக்க அட்டையில் எழுத வேண்டியவை

காற்று மட்டுமே கல்லைத் தள்ளியிருக்கக் கூடாதா என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கான கணக்கை அட்டையிலேயே போட்டுக் காட்டலாம். ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள கல்லின் எடை ஏறத்தாழ 75 கிலோ. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதன் ஒரு முகத்தின்மேல் செலுத்தும் விசை 140 கிராம் எடைக்குச் சமம். சேறு எவ்வளவு வழுக்கினாலும், உராய்வு கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும்கூட, ஏழரைக் கிலோ விசை வேண்டும். அதற்குக் காற்று மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வீச வேண்டும். உராய்வு எடையில் பாதியாக இருந்தால் 290 கி.மீ.க்கும் மேல். இதற்கு மாறாக, பனிப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அதே மென்காற்று தோராயமாக 5 கிராம் விசையை ஏற்றுகிறது. 50 மீட்டர் பக்கமுள்ள சதுரத் தகட்டில் இது 12 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. அடியில் ஓடும் நீரும் தன் பங்குக்குத் தகட்டை இழுக்கிறது.

நொடிக்கு 4 அல்லது 5 மீட்டர் என்றால் எவ்வளவு காற்று என்று மாணவர்களுக்குப் புரியவைப்பதும் எளிது. துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளின் சிறு கொடிகள் பிற்பகல் கடற்காற்றில் விரிந்து பறக்கின்றனவே, அந்த அளவுதான்.

அட்டையில் இன்னும் இரண்டு செய்திகள் இடம்பெற வேண்டும். ஒன்று, இது ஏன் அரிதாக நிகழ்கிறது என்பது. பாலையில் மழையோ பனியோ பெய்து ஆழம் குறைந்த நீர் தேங்க வேண்டும். கற்கள் மூழ்கிவிடவும் கூடாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் படுகையில் இரவு உறைய வேண்டும், பகலில் வெயில் அடித்துத் தகடு உடைய வேண்டும், உடைந்த நேரத்தில் காற்று வீச வேண்டும். இவையனைத்தும் ஒன்றுகூடும் நாட்கள் மிகச் சில. அப்படிக் கூடும்போதும் ஒரு கல் நகர்வது சில நொடிகள் முதல் கால்மணி நேரம் வரைதான். தொலைவிலிருந்து பார்த்தால் சுற்றிலும் எல்லாமே சேர்ந்து நகர்வதால் கல் நகர்வதே தெரியாது. மற்றொன்று, 300 கிலோ அளவுள்ள பெரும்பாறைகள் நகர்வதை நாரிஸ் சகோதரர்களோ லோரன்ஸோ அந்தக் குளிர்காலத்தில் காணவில்லை என்பது. பெரிய கற்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்று கருத இடமுண்டு. ஆயினும் பார்க்கப்பட்டதையும் கருதப்படுவதையும் பிரித்து எழுதுவது முறை.

பதிவு செய்யும்போது கைப்பேசியைத் தட்டுக்கு நேர்மேலே ஒரு தாங்கியில் நிறுத்தி, தட்டின் ஓரத்தில் ஓர் அளவுகோலை ஒட்டிவைத்தால், காணொளியிலிருந்தே வேகத்தைக் கணக்கிடலாம். நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் என்பது நொடிக்கு மூன்று முதல் எட்டு சென்டிமீட்டர். உங்கள் கற்களின் வேகத்தை அதோடு ஒப்பிட்டு எழுதலாம், ஆனால் அளவு மாறும்போது விசைகளின் விகிதமும் மாறுவதால் இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

எல்லாம் முடிந்ததும் நீரை வடித்துவிட்டு, கற்களை அவை நின்ற இடத்திலேயே விட்டு, தட்டை நிழலில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் விரிசல்கள் தடத்தை வெட்டிவிடும். காய்ந்த தட்டைக் கண்காட்சியின் மறுநாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். தேவை முடிந்த பிறகு களிமண்ணை மழைநீர் வடிகாலில் கொட்டாமல், உடைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த முறைக்கு உதவும். தொட்டிச் செடிக்கும் போடலாம்.